ஓ.சி.டி தாளில் சிவப்பைத் தேடாதீர்கள்: பார்வை நரம்பு நோய்களை ஸ்கானில் பிரித்தறிவது எப்படி?

கண்ணின் விழித்திரையையும் பார்வை நரம்பையும் ஒளியால் படம் பிடிக்கிற ஓ.சி.டி ஸ்கான் எடுத்துவிட்டு வெளியே வருகிறவர்கள் முதலில் செய்வது, தாளில் எத்தனை இடத்தில் சிவப்பு இருக்கிறது என்று எண்ணுவதுதான். சிவப்பு என்றால் கண் போய்விட்டது, பச்சை என்றால் தப்பினோம். பிறகு தாளை ஃபோனில் படம் பிடித்து கனடாவில் இருக்கிற மகனுக்கு அனுப்ப, அவர் தனக்குத் தெரிந்த யாருக்கோ அனுப்ப, இரவு சாப்பாட்டுக்கு முன்னமே "குளுக்கோமாவாம்", அதாவது பார்வை நரம்பு மெல்லச் சாகிற நோயாம், என்று தீர்ப்பு வந்து சேர்ந்துவிடும்.

அது அப்படி வாசிக்கிற தாள் இல்லை. அது ஒரு தடிப்பை அளந்து சொல்கிறது, அவ்வளவுதான். நோயின் பெயர் அதில் இல்லை. ஒரே அளவு தடிப்பு இரண்டு பேருக்கு வரலாம், அதில் ஒருவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுக்கலாம், மற்றவரை அன்றைக்கே ஆஸ்பத்திரியில் வைத்து மூளையை ஸ்கான் பண்ண வேண்டியிருக்கும். இந்த இரண்டையும் கண் வைத்தியர்கள் எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இதை வாசித்துவிட்டு நீங்களே நோயைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் வைத்தியர் ஏன் இன்னொரு படம் கேட்கிறார், ஏன் கண்ணுக்கு வந்தவரிடம் பிறஷர் பார்க்கிறார், ஏன் தலையிடி பற்றி விசாரிக்கிறார் என்பது விளங்கும்.

முதலில் நரம்பு. விழித்திரையில் பதிகிறதை மூளைக்குக் கொண்டுபோகிற பார்வை நரம்பில், ஒரு கண்ணுக்கு மட்டும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மெல்லிய நார்கள் இருக்கின்றன. அவை விழித்திரையின் நாலா பக்கத்திலும் இருந்து ஓடிவந்து, கண்ணின் பின்சுவரில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு வட்டத்தில் கூடி, அங்கிருந்து ஒரே கட்டாகப் பின்னால் போகின்றன. அந்த வட்டத்தை வைத்தியர்கள் டிஸ்க் என்பார்கள். காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி, கண்டி வீதி எல்லாம் யாழ்ப்பாண நகரத்தில் வந்து முடிகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரத்துக்குள் நெரிசல் என்றால் வாகனங்கள் வீதிகளில் பின்னுக்கு அடுக்குப்படும். நார்களுக்குள்ளும் சத்துப் பொருட்கள் ஓயாமல் போய்வந்துகொண்டிருக்கின்றன. டிஸ்கில் அழுத்தமோ இரத்த ஓட்டக் குறைவோ வந்து அந்தப் போக்குவரத்து தடைப்பட்டால், டிஸ்கைச் சுற்றி நார்கள் ஊதித் தடிக்கும். நார்கள் செத்துப்போனால் பிறகு அந்த இடம் மெலியும். ஆக, தடிப்பது ஒரு கட்டம், மெலிவது இன்னொரு கட்டம், சில நோய்களில் ஒரே ஆள் இரண்டையும் கடந்து போவார்.

ஜேர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கிற கருவியை வெளியிட்ட நாளில் இருந்து, வைத்தியர்கள் டிஸ்கை மேலிருந்து பார்த்து வந்திருக்கிறார்கள். நிறம், விளிம்பு, நடுவில் இருக்கிற குழி, இரத்தக் குழாய்கள் எல்லாம் தெரியும். தெரியாதது ஆழம். 1991இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி ஆய்வாளர்கள் ஓ.சி.டி முறையை வெளியிட்ட பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத, சிவப்புக்கு அப்பாலுள்ள ஒளியை உள்ளே அனுப்பி, எந்த ஆழத்தில் இருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று கணித்து, விழித்திரையை வெட்டிப் பார்த்த மாதிரி ஒரு படம் தருகிறது. இப்போதைய இயந்திரங்களில் 5 மைக்ரோன் அளவு நுணுக்கம் தெரியும், அதாவது ஒரு மில்லிமீற்றரில் இருநூற்றில் ஒரு பங்கு. கதிர்வீச்சுப் பயம் இல்லை, நோவு இல்லை, நாடியை வைத்துக்கொண்டு பச்சைப் புள்ளியைப் பார்த்தால் சரி. கண் மணியைப் பெரிதாக்க மருந்து விட்டிருந்தால் மட்டும் வீட்டுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இயந்திரம் டிஸ்கைச் சுற்றி ஏறத்தாழ 3.4 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டம் நெடுக நார்ப் படை எவ்வளவு தடிப்பு என்று அளக்கும். வளர்ந்தவர்களில் சராசரியாக 90 முதல் 100 மைக்ரோன் வரை இருக்கும், வயதோடு மெல்லக் குறையும். மேலேயும் கீழேயும் தடிப்பு கூட, இரண்டு பக்கத்திலும் குறைவு. அதனால்தான் வரைபடத்தில் இரண்டு மலை தெரிகிறது. அதே வயதுள்ள நலமானவர்களோடு ஒப்பிட்டு நிறம் போடுவார்கள். மிகவும் மெலிந்த நூற்றுக்கு ஒரு பங்குக்குள் விழுந்தால் சிவப்பு, ஐந்து பங்குக்குள் விழுந்தால் மஞ்சள், மற்றது பச்சை. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நலமான நூறு பேரை எடுத்தாலும் அதில் ஐந்து பேருக்கு மஞ்சளோ சிவப்போ விழத்தான் வேண்டும், ஏனென்றால் கோட்டைப் போட்ட விதமே அப்படி.

இன்னும் முக்கியமானது, இந்த நிறங்கள் மெலிவைப் பிடிக்கத்தான் செய்யப்பட்டவை. வீக்கம் வந்தால் தாள் சிவக்காது. பச்சையைத் தாண்டி, பல இயந்திரங்களில் வெள்ளை நிறத்துக்குப் போய்விடும். சிவப்பையே தேடுகிற கண்ணுக்கு அது "நல்ல தாள்" மாதிரித் தெரியும். மூளை அழுத்தத்தால் நரம்பு 200, 300 மைக்ரோனுக்கு ஊதியிருக்கிற ஒருவரின் தாளில் ஒரு சொட்டுச் சிவப்பும் இல்லாமல் இருக்கலாம்.

சரி, வீக்கத்துக்கு வருவோம். பார்வை நரம்பில் ஸ்கான் உண்மையாகவே தலையைப் பிய்க்க வைக்கிற இடம் இதுதான். ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை கண்ணாடி மாற்றப் போகிறார். கடையில் கண் பார்த்தவர் டிஸ்க் மேலெழும்பி, விளிம்பு மங்கலாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். இரண்டு பெரிய வாய்ப்புகள் உண்டு. ஒன்று, மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடி, அது நரம்பின் உறை வழியாக முன்னால் வந்து டிஸ்கை ஊதச் செய்திருக்கலாம். மூளைக் கட்டி, மூளையில் இருந்து இரத்தம் வடிகிற நாளங்களில் உறைவு, அல்லது காரணமே தெரியாமல் அழுத்தம் கூடுகிற நிலை. இந்தக் கடைசி வகை பெரும்பாலும் உடல் எடை கூடின இளம் பெண்களுக்கு வரும், பருவுக்கு எடுக்கிற சில மாத்திரைகளும் அதைத் தூண்டலாம். மற்றது, பிறவியிலேயே உள்ள ஒரு போக்கால் டிஸ்குக்குள் படிகிற சிறு கற்கள். டிரூசன் என்பார்கள். கல்சியம் படிந்த துகள்கள் நார்களை மேலே தள்ளுவதால் வீக்கம் போலத் தெரியும். உண்மையில் வீக்கம் இல்லை. குடும்பத்தில் பலருக்கு இருக்கலாம், பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் இருக்கும், நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு இருக்கலாம் என்பதால் அதிசயமும் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்குப் பக்கப் பார்வையை மெல்லக் கரைக்கும்.

முதலாவதைத் தவறவிட்டால் கண் போகும், சில வேளை உயிரும் போகும். இரண்டாவதை முதலாவது என்று நினைத்தால், பிள்ளையை மூளை ஸ்கானுக்கும் முதுகில் ஊசி குத்தி நீர் எடுப்பதற்கும் அனுப்பி, வீட்டுக்காரர் கிழமைக்கணக்கில் நித்திரை இல்லாமல் இருப்பார்கள். தடிப்பு எண்ணை மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது, குறிப்பாக ஆரம்ப வீக்கத்தில்.

அப்போது என்ன செய்கிறார்கள்? ஓ.சி.டியையே இன்னும் ஆழமாகப் பார்க்கிற முறையில் எடுக்கிறார்கள். டிரூசன் என்றால் டிஸ்குக்குள் நடு கறுப்பாகவும் விளிம்பு, குறிப்பாக மேல் விளிம்பு, வெள்ளையாகவும் உள்ள கட்டிகள் தெரியும். அப்புறம் நீல ஒளியில் எடுக்கிற தன்னொளிர்வுப் படம்: மேற்பரப்புக்குக் கிட்ட உள்ள டிரூசன் அதில் தானாக மினுங்கும். மூன்றாவது, பழைய சாமான் என்று பலர் ஒதுக்குகிற, ஆனால் எனக்குப் பெரிய மதிப்பு உள்ள அல்ட்ராசவுண்ட். மூடிய இமையின் மேல் வைத்துப் பார்க்கும்போது கல்சியம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், கருவியின் உணர்திறனைக் குறைத்து மற்ற எல்லாம் மங்கிப்போன பிறகும் அந்த வெள்ளைப் புள்ளி நிற்கும். சிறு பிள்ளைகளில் இது ஏமாற்றும். அவர்களில் டிரூசன் ஆழத்தில் புதைந்து, கல்சியம் இன்னும் படியாமல் இருக்கும்; பத்து வயதில் காணாதது பதினாறில் வெளியே வரலாம்.

உண்மை வீக்கத்துக்கு வேறு அடையாளங்கள். டிஸ்கின் ஓரத்தில் விழித்திரைக்கு அடியில் ஓடுகிற ஒரு மெல்லிய படை, சாதாரணமாக வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். பின்னால் இருந்து அழுத்தம் தள்ளினால் அது கண்ணின் உட்பக்கம் நோக்கி வளையலாம். டிஸ்கைச் சுற்றி விழித்திரையில் மெல்லிய சுருக்கங்கள் விழலாம். நார்கள் ஊதுவதால் அவற்றுக்குள் ஓடுகிற இரத்தக் குழாய்கள் அங்கங்கே மறையும், டிரூசனில் அவை தெளிவாகத் தெரிந்துகொண்டிருக்கும். கையில் நிறமருந்து ஏற்றி எடுக்கிற படத்தில் வீங்கிய டிஸ்கில் இருந்து நிறம் கசிந்து பரவும். டிரூசன் நிறம் பிடிக்கும், ஆனால் பரவாது. இவற்றில் ஒன்று மட்டும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. இரண்டு மூன்று சேர்ந்து ஒரே பக்கம் கை காட்ட வேண்டும். அதோடு ஒருவருக்கு டிரூசனும் வீக்கமும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதையும் மறக்கக் கூடாது.

படத்துக்கு முன்னமே கேள்விகள் பாதி வேலையைச் செய்துவிடும். படுத்தால் கூடுகிற தலையிடி, குனிந்து நிமிரும்போது சில நொடி பார்வை இருண்டு திரும்புவது, காதுக்குள் நாடித் துடிப்போடு சேர்ந்து இரைவது, ஒன்று இரண்டாகத் தெரிவது. இவை இருந்தால், ஸ்கான் என்ன சொன்னாலும், கிளினிக் திகதி வரும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். இரண்டு டிஸ்கும் வீங்கியிருந்தால் முதலில் பிறஷர் பார்ப்பதற்கும் காரணம் உண்டு: இரத்த அழுத்தம் அளவு மீறி ஏறினாலே டிஸ்க் வீங்கும், அதைக் கண்டுபிடிக்க கையில் ஒரு பட்டி கட்டினால் போதும், இலட்சக்கணக்கு ரூபாய் இயந்திரம் வேண்டாம்.

ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று பார்வை குறைந்தால் கதை வேறு. இருபதில் இருந்து நாற்பத்தைந்து வயதுக்குள், கண்ணை அசைக்க நோவு, சிவப்பு நிறம் வெளிறித் தெரிகிறது என்றால் நரம்பு அழற்சியை நினைப்பார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், மூன்றில் இரண்டு பேருக்கு டிஸ்க் பார்க்க ஒரு குறையும் இல்லாமல் இருக்கும். ஏனென்றால் பார்வை நரம்பு மொத்தம் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் நீளம், அதில் கண்ணுக்குள் இருப்பது 1 மில்லிமீற்றர்தான். ஓ.சி.டிக்குத் தெரிவது அந்த 1 மில்லிமீற்றர். அழற்சி பின்னால் இருந்தால் அன்றைய ஓ.சி.டி "ஒன்றும் இல்லை" என்றே சொல்லும், ஆள் பார்வை தெரியாமல் முன்னால் இருப்பார். அங்கே எம்.ஆர்.ஐ வேண்டும், கண்குழியின் கொழுப்பை மறைத்து, மருந்து ஏற்றி எடுக்கிற விதமாக. அழற்சி உள்ள நரம்பு அதில் பளிச்சிடும். எவ்வளவு நீளத்துக்குப் பளிச்சிடுகிறது என்பதும் பயன்படும். நரம்பின் பெரும் பகுதி, அல்லது இரண்டு நரம்பும் சந்திக்கிற இடம் வரை போனால், வழக்கமான வகை இல்லை, இரத்தத்தில் சில பிறபொருளெதிரிகளைத் தேட வேண்டும், மருந்தும் மாறும். ஓ.சி.டி பிறகு வேலைக்கு வரும்: நார்களின் தாய்க் கலங்கள் உள்ள படை, அதாவது கலப்படை, சில கிழமைகளில் மெலியத் தொடங்கும், டிஸ்கைச் சுற்றிய நார்ப் படை மூன்று முதல் ஆறு மாதத்தில் மெலியும்.

ஐம்பது தாண்டியவர், நீரிழிவும் பிறஷரும் உள்ளவர், காலையில் எழும்பும்போது ஒரு கண்ணில் மேல் பாதியோ கீழ்ப் பாதியோ திரை போட்ட மாதிரி மறைந்திருக்கிறது, நோவு இல்லை. இது பெரும்பாலும் டிஸ்குக்கு இரத்தம் போகாமல் வந்தது. இங்கே டிஸ்க் கட்டாயம் வீங்கியிருக்கும், பல வேளைகளில் ஒரு பாதி மட்டும். துப்புக் கிடைப்பது நல்ல கண்ணில். அந்த டிஸ்க் சிறிதாக, நடுக்குழி இல்லாமல் நார்கள் நெருக்கியடித்து இருந்தால் சந்தேகம் உறுதிப்படும், ஏனென்றால் இந்த நோய் அப்படியான டிஸ்கைத்தான் தேடிப் பிடிக்கிறது. ஆகவே நோயில்லாத கண்ணையும் ஏன் படம் எடுக்கிறார்கள் என்று கோபிக்காதீர்கள். வயதானவருக்கு இதோடு சாப்பாடு சப்பும்போது தாடை நோவதும் தலைத்தோல் தொட நோவதும் இருந்தால் நாடிக் குழாய் அழற்சியாக இருக்கலாம்; எங்கள் பக்கம் அரிதுதான், ஆனால் மற்றக் கண்ணும் சில நாட்களில் போகக்கூடியது என்பதால் இரத்தப் பரிசோதனையை அன்றைக்கே செய்வார்கள்.

இனி மெலிந்த நரம்பு. எங்கே மெலிந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. குளுக்கோமா மேலேயும் கீழேயும் உள்ள தடித்த கட்டுகளை முதலில் தின்னும், நடுக்குழி பெருக்கும், ஆனால் எஞ்சிய ஓரம் இளஞ்சிவப்பாகவே இருக்கும். குழி பெருத்ததை விட டிஸ்க் கூட வெளிறியிருந்தால், குளுக்கோமா என்று சொட்டு மருந்து எழுதிவிட்டு அனுப்பக் கூடாது, பின்னால் ஏதாவது நரம்பை நெரிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு மிகவும் அழகான உதவி தருவது, பார்வையின் மையத்தைச் சுற்றி எடுக்கிற கலப்படையின் வரைபடம். குளுக்கோமாவில் இழப்பு நடுவில் உள்ள கிடைக்கோட்டைத் தாண்டாது, மேல் பாதியோ கீழ்ப் பாதியோ. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வளர்ந்து நரம்புகள் சந்திக்கிற இடத்தை அழுத்தினால் இழப்பு நிலைக்குத்துக் கோட்டைத் தாண்டாது, இரண்டு கண்ணிலும் மூக்குப் பக்கப் பாதி மெலியும், வீதியில் இரண்டு ஓரமும் தெரியாமல் போகும். கத்தியால் வெட்டிய மாதிரி ஒரு நிமிர்ந்த கோடு அந்தப் படத்தில் தெரிந்தால் அடுத்தது எம்.ஆர்.ஐதான்.

நச்சுப் பொருளாலும் சத்துக் குறைவாலும் வருவது பெரும்பாலும் மையப் பார்வைக்குப் போகிற நார்களை, அதாவது காதுப் பக்கமாக உள்ளவற்றைத் தாக்கும், இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி. காசநோய்க்கு எதம்பியூட்டோல் எடுக்கிறவர்கள் சிவப்பும் பச்சையும் குழம்பத் தொடங்கினாலோ எழுத்து மங்கினாலோ உடனே சொல்ல வேண்டும், ஆரம்பத்தில் ஓ.சி.டி சரியாகவே இருக்கும், அதை நம்பி இருக்கக் கூடாது. பி12 குறைவும் மெதனோல் கலந்த கசிப்பும் இதே கூட்டம்தான், மெதனோல் மட்டும் ஒரே நாளில் செய்துவிடும்.

பொய்ச் சிவப்பும் நிறைய உண்டு. தடித்த கிட்டப்பார்வைக் கண்ணாடி போட்ட உயர்தர மாணவர் ஒருவரின் தாளில் மேலும் கீழும் சிவந்திருக்கும். கண் நீண்டு டிஸ்க் சாய்ந்ததால் இரண்டு மலையும் காதுப் பக்கம் நகர்ந்திருக்கிறது, இயந்திரமோ வழக்கமான இடத்தில் தேடிவிட்டுக் காணவில்லை என்கிறது. பிள்ளைகளுக்கு அந்த நிறமே பொருந்தாது, பல இயந்திரங்களின் ஒப்பீட்டுக் கணக்கில் பதினெட்டுக்குக் குறைந்தவர்கள் இல்லை. கண்புரை, உலர்ந்த கண், நடுவில் இமைத்தது எல்லாம் அளவைக் கெடுக்கும். தாளின் மூலையில் சமிக்ஞை வலிமை என்று ஒரு எண் இருக்கும். பத்துக்கு ஆறிலும் குறைந்தால் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்பதில் பிழையில்லை. கேட்க வெட்கப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மானிப்பாயில் அமெரிக்க மிஷனரியான கிறீன் வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்த ஊர் இது, ஒரு ஸ்கான் தாளைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்க நாங்கள் கூச வேண்டியதில்லை.

கடைசியாக, காலம் கடந்து ஒப்பிடுவது. மூளை அழுத்தத்துக்கு மருந்து எடுக்கிறவரின் தடிப்பு 250இல் இருந்து 100க்கு இறங்கினால் வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். வீக்கம் வற்றியும் இறங்கலாம், நார்கள் செத்தும் இறங்கலாம், எண் ஒன்றுதான். அதனால்தான் கலப்படையையும், எந்தப் பக்கம் எவ்வளவு தெரிகிறது என்று அளக்கிற பார்வைப் புலப் பரிசோதனையையும் கூடவே பார்க்கிறார்கள். அவை நிலையாக இருந்தால் நல்ல செய்தி, அவையும் சரிந்தால் கெட்ட செய்தி. மறுபக்கம், பார்வை முழுவதும் போன கண்ணிலும் அளவு பூச்சியத்துக்கு வராது, இரத்தக் குழாயும் தாங்கு இழையமும் மிஞ்சுவதால் 50 மைக்ரோன் அளவில் போய் நின்றுவிடும். அங்கே நிற்கிற ஒருவருக்கு "போன வருடமும் இதே அளவு, நோய் கூடவில்லை" என்று சொல்வதில் அர்த்தம் இல்லை.

ஒரு இயந்திரத்தின் எண்ணை இன்னொரு நிறுவனத்தின் இயந்திர எண்ணோடு ஒப்பிடவும் முடியாது. கொழும்பில் எடுத்த தாளில் 94, இங்கே எடுத்ததில் 86 என்றால் எட்டு மைக்ரோன் கரைந்தது என்று பயப்பட முன், இரண்டு தாளிலும் மேலே உள்ள இயந்திரப் பெயரைப் பாருங்கள். முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள், பழைய தாள்கள் எல்லாவற்றையும் கிளினிக் கொப்பிக்குள் திகதி வாரியாக வைத்துக் கொண்டுபோங்கள், இருந்தால் பத்து வருடத்துக்கு முந்திய டிஸ்க் படத்தையும் சேர்த்து. அதில் டிஸ்க் இன்றைக்கு மாதிரியே மங்கலாக இருந்தால், அந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு மூளை ஸ்கான் தேவையா என்று வைத்தியர் இன்னொரு தடவை யோசிப்பார்.